இறங்காமல் போகும் உரிமை

1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது முன்வைத்த கோரிக்கைகளில் ஒன்று சைக்கிளைப் பற்றியது. தோட்டத்துச் சாலையில் வெள்ளைக்கார நிர்வாகியோ ஆசிய அதிகாரியோ எதிரில் வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்க வேண்டியதில்லை, மிதித்தபடியே போகலாம் என்று ஆக்க வேண்டும். அவ்வளவுதான். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்கு ஒழுங்கான கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுவது, பெண்கள் மீதான அத்துமீறலை நிறுத்துவது, பேசவும் கூடவும் சங்கம் வைக்கவும் சுதந்திரம் என்ற கனமான கோரிக்கைகளுக்கு நடுவே இந்த ஒரு வரி உட்கார்ந்திருக்கிறது. மலேசியத் தமிழர் வரலாறு பேசும் பலரும் கூலியையும் கள்ளுக்கடையையும் சொல்லிவிட்டு இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு அந்தப் பட்டியலில் இதுதான் கண்ணில் நின்றது. ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சைக்கிள் மிதிக்கும் சாலைகளும் அதே மாதிரித் தோட்டத்துச் சாலைகள்தான்.

நான் சுங்கை வேயில் இருக்கிறேன். வேலையும் பக்கத்திலேயே, தொழிற்பேட்டையில். வார நாட்களில் இங்கே சைக்கிள் ஓட்டுவது என்றால் கூட்டரசு நெடுஞ்சாலையை ஒட்டிய மோட்டார் சைக்கிள் பாதையில், முன்னாலும் பின்னாலும் ஹோன் சத்தத்தோடு, மூச்சைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். அதனால்தான் எங்களைப் போன்ற சிலர் ஞாயிறு விடிவதற்கு முன்பே சைக்கிளைக் காரில் ஏற்றிக்கொண்டு கிள்ளானைத் தாண்டிப் போகிறோம். கேரித் தீவு, கோலா சிலாங்கூர், பழைய பெயரில் பத்தாங் பெர்ஜுந்தை என்று சொன்னால் பெரியவர்களுக்குச் சட்டென்று விளங்கும் பெஸ்தாரி ஜெயா. செம்பனைக்கு நடுவே செம்மண் சாலை. மணிக்கணக்கில் மிதித்தாலும் ஒரு கார் எதிரில் வராது. இதற்கு உலகம் முழுக்க ‘கிரேவல்’ என்று பெயர். சாலைப் பந்தய சைக்கிள் மாதிரி வளைந்த கைப்பிடி, ஆனால் 40 மில்லிமீட்டருக்கு மேல் அகலமான டயர், காற்று 30 பிஎஸ்ஐ சுற்றி. சரளையில் டயர் துள்ளாமல் கல்லை அணைத்துக்கொண்டு போகும்.

இந்த விளையாட்டு பேர் வாங்கியது அமெரிக்காவில். 2006இல் கான்சாஸ் மாநிலத்தின் எம்போரியா என்ற சிறு ஊரில் 34 பேர் சேர்ந்து 200 மைல் சரளைச் சாலையில் ஒரு பந்தயம் ஓட்டினார்கள். இன்று அது ஆயிரக்கணக்கானோர் வந்து குவியும் திருவிழா. 2022இல் உலகச் சாம்பியன் பட்டப் போட்டியே இத்தாலியில் நடந்தது. கான்சாஸ் சாலைகள் ஏன் அதற்குத் தோதாக இருந்தன என்று பார்த்தால் ஒரு வரலாறு கிடைக்கிறது. 1785இல் கொண்டுவந்த நில அளவைச் சட்டப்படி அமெரிக்காவின் மத்திய, மேற்குப் பகுதிகளை ஒரு மைலுக்கு ஒரு மைல் சதுரமாக அளந்து பிரித்தார்கள். சதுரங்களின் எல்லைக் கோடுகளில் பிறகு சாலைகள் வந்தன. அந்தச் சரளைச் சாலைகள் பெரும்பாலும் பொதுச் சாலைகள். யாரும் யாரிடமும் கேட்காமல் போகலாம். இங்கிலாந்தில் குதிரைப் பாதைகளில் சைக்கிள் போகலாம் என்று 1968இல் சட்டமே வந்தது.

நம்முடைய செம்மண் சாலை அப்படிப்பட்டதில்லை. நுழைவாயிலில் ஒரு தடுப்புக் கம்பி இருக்கும். தனியார் நிலம், அத்துமீறி நுழையக் கூடாது என்று மலாயில் ஒரு பலகை இருக்கும். சில பழைய பலகைகளில் தமிழும் இருக்கும். காவலுக்கு இருப்பவரிடம் கேட்டு, சில இடங்களில் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும்.

நான் பொறியியல் படித்தவன். ஒரு சாலையைப் பார்த்தால் அது எங்கிருந்து எங்கே போகிறது, எதை ஏற்றிச் செல்லப் போட்டது என்றுதான் முதலில் தோன்றும். தோட்டத்துச் சாலைகளை வரைபடத்தில் போட்டுப் பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகத் தெரியும். அவை எந்த ஊருக்கும் போவதில்லை. ரப்பர் காலத்தில் நெரைகளிலிருந்து பாலைக் கொண்டுவந்து ஸ்டோரில் சேர்க்க ஒரு வலைப்பின்னல். லயத்திலிருந்து பெரட்டுக்களத்துக்கு ஒரு சாலை. மேட்டில் துரை பங்களா, அங்கிருந்து எல்லாப் பக்கமும் இறங்கும் சாலைகள். வெளியே பொதுச் சாலையைத் தொடுவது பல தோட்டங்களில் ஒரே ஒரு இடத்தில்தான், அங்கே வாசல். போக்குவரத்து இல்லாத சாலை என்று நாம் கொண்டாடுகிறோமே, அது ஏன் அப்படி இருக்கிறது? வெளியாள் வராமல், உள்ளே இருப்பவன் லேசில் வெளியே போகாமல் இருக்கும்படி போட்ட சாலை அது. 1941 கோரிக்கைகளில் இன்னொன்றையும் இங்கே சேர்த்துப் படிக்க வேண்டும்: உறவினர்களும் நண்பர்களும் தோட்டத்துக்குள் தடையில்லாமல் வந்துபோக அனுமதி வேண்டும். சொந்த அக்கா வீட்டுக்கு வரும் தம்பிகூட அத்துமீறி நுழைந்தவனாகக் கருதப்படக்கூடிய இடம் தோட்டம்.

செம்மண்ணைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். புவியியலில் இதற்கு லேட்டரைட் என்று பெயர். 1807இல் பிரான்சிஸ் புக்கானன் மலபாரில் அங்காடிப்புரம் பக்கம் இந்த மண்ணை வெட்டிக் கட்டடக் கல்லாகப் பயன்படுத்துவதைப் பார்த்து, செங்கல் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து இந்தப் பெயரை வைத்தார். இரும்பு ஆக்சைடும் அலுமினிய ஆக்சைடும் மிஞ்சி நிற்கும் மண். ஈரமாக இருக்கும்போது வெட்டலாம், காற்றும் வெயிலும் பட்டால் இறுகிவிடும். தார் வாங்கக் காசு செலவழிக்காமல் சாலை போட இதைவிடத் தோதான பொருள் இல்லை. ஆனால் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் நாட்டில் அது தானாக நிற்காது. நடுவில் மேடு வைத்து, இரண்டு பக்கமும் சரிவு கொடுத்து, ஓரத்தில் வடிகால் வெட்டி, ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பிறகும் பள்ளத்தில் மண் கொட்டி இடிக்க வேண்டும். மண்வெட்டி பிடித்து இதைச் செய்தவர்கள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. சாலையைப் போட்டதும் அவர்கள்தான், அதே சாலையில் சைக்கிளை விட்டு இறங்கியதும் அவர்கள்தான்.

இறங்குவது என்றால் என்ன என்று என் தலைமுறைக்குப் புரிவது கஷ்டம். எங்கள் வீட்டில் தாத்தா சொல்லித்தான் எனக்கு ஓரளவு விளங்கியது. அவர் பிள்ளையாக இருந்த காலத்தில் துரை கார் வரும் சத்தம் கேட்டாலே பெரியவர்கள் சைக்கிளை விட்டு இறங்கி, மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டு, தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஓரமாக நிற்பார்களாம். துரைக்கு மட்டுமில்லை, கிராணிக்கும்தான். “சட்டம்னு எழுதி வைக்கலடா. ஆனா எறங்காதவனுக்கு மறுநாளு நல்ல நெர கெடைக்காது” என்பார். மேட்டில், தூரத்தில், பால் வற்றிய மரங்கள் உள்ள நெரை கிடைக்கும். தண்டனை அவ்வளவு சத்தமில்லாமல் வரும்.

அந்தக் காலத்தில் சைக்கிள் தொழிலாளிக்கு என்னவாக இருந்தது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். அவன் சொந்தமாக வாங்கியது அது. வீடு தோட்டத்துடையது. மரமும் வாளியும் கத்தியும் நேரமும் தோட்டத்துடையவை. ஜப்பானிலிருந்து மலிவான சைக்கிள்கள் 1930களில் மலாயாவுக்கு ஏராளமாக வந்தன. காசு சேர்த்து ஒரு சைக்கிள் வாங்கியவன் சந்தைக்கும் கோயிலுக்கும் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்கும் கங்காணியைக் கேட்காமல் போக முடியும். அந்த ஒரு பொருளின் மீது உட்கார்ந்திருக்கும்போது அவன் தரையிலிருந்து கொஞ்சம் உயரத்தில் இருக்கிறான். அதுதான் உறுத்தியிருக்கிறது.

இது வெள்ளைக்காரன் கண்டுபிடித்த வழக்கம் என்றும் சொல்லிவிட முடியாது. தமிழ்நாட்டில் ஊர்த்தெரு வழியாகப் போகும் தலித் மக்கள் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும் என்ற கட்டுப்பாடு, இரட்டைக் குவளையைப் போலவே, பல கிராமங்களில் சமீப காலம்வரை இருந்தது. தோட்டத்துக்கு வந்தவர்களில் பெரும்பகுதியினர் அப்படிப்பட்ட தெருக்களிலிருந்து கப்பலேறியவர்கள். கடல் தாண்டி வந்த இடத்திலும் இறங்க வேண்டியிருந்தது. இங்கே எதிரில் வந்த ஆசிய அதிகாரிகள் பெரும்பாலும் மலையாளிகளும் யாழ்ப்பாணத் தமிழர்களும். அவர்களைத் தொழிலாளர்கள் ‘கறுப்புத் துரை’ என்று சொன்னதில் கோபம் மட்டுமில்லை, ஒரு சரியான அவதானிப்பும் இருக்கிறது.

அப்படியானால் 1941இல் மட்டும் இது ஏன் ஒரு கோரிக்கையாக வெளியே வந்தது? 1929 கடைசியில் பெரியார் மலாயாவுக்கு வந்தார். சுயமரியாதை என்ற சொல் தோட்டங்களுக்குள் நுழைந்தது. 1936இல் மலாயா மத்திய இந்தியர் சங்கம் தொடங்கியது. 1937இல் நேரு வந்து போனார். 1938இல் இந்திய அரசு, உதவி பெற்ற கூலித் தொழிலாளர் குடியேற்றத்தை நிறுத்தியது. இந்தக் கடைசி விஷயம் முக்கியம். அதுவரை ஒருவன் முறைத்தால் அவனை அனுப்பிவிட்டு ஊரிலிருந்து வேறு ஆளைக் கொண்டுவரலாம். அந்த வழி அடைபட்டது. அதே சமயம் ஐரோப்பாவில் போர் மூண்டு ரப்பருக்குத் தேவை ஏறியது. தோட்டத்துக்குத் தொழிலாளி தேவைப்பட்டான், அது தொழிலாளிக்கும் தெரிந்தது.

கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் ஆர்.எச்.நாதன், ‘தமிழ் நேசன்’ பத்திரிகையில் வேலை பார்த்தவர், இந்த அமைதியின்மைக்கு வடிவம் கொடுத்தார். 1941 தொடக்கத்தில் கூலி உயர்வு கேட்டுத் தொடங்கிய வேலைநிறுத்தங்கள் தோட்டம் தோட்டமாகப் பரவின. தொழிலாளர்கள் காந்தி குல்லாய் போட்டுக்கொண்டு பெரட்டுக்கு வந்தார்கள். தலைத்துண்டைக் கழற்றி நின்ற கூட்டம் கழற்ற மறுக்கும் ஒரு குல்லாயைத் தேர்ந்தெடுத்தது என்பதை நான் தற்செயல் என்று நினைக்கவில்லை. கொஞ்சம் கூலி உயர்ந்தது. ஆனால் கோரிக்கைகள் அதோடு நிற்கவில்லை. நிர்வாகிகளுக்கு விளங்காமல் போன இடமும் இதுதான். காசு கொடுத்த பிறகும் ஏன் குல்லாய், ஏன் கூட்டம், ஏன் சைக்கிள்?

மே 5ஆம் தேதி நாதன் கைது செய்யப்பட்டார். அவரை விடுவிக்கச் சொல்லி வேலைநிறுத்தம் சிலாங்கூரின் மற்றத் தோட்டங்களுக்கும் பரவி, ஆயிரக்கணக்கானோர் இறங்கினார்கள். மே நடுவில் சிலாங்கூரில் அவசரநிலை வந்தது. ராணுவம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் குறைந்தது ஐந்து தொழிலாளர்கள் செத்தார்கள். பலர் பிடிபட்டார்கள், பலர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். நாதனும் நாடு கடத்தப்பட்டார். அரசாங்கம் இதைக் கலவரம் என்று எழுதியது. சாலையில் இறங்காமல் போக அனுமதி கேட்டவர்கள் கலவரக்காரர்கள் ஆனார்கள்.

இதற்கு ஏழு மாதம் கழித்து நடந்ததை எந்த நாவலாசிரியர் எழுதியிருந்தாலும் செயற்கையாக இருக்கிறது என்று சொல்லியிருப்போம். 1941 டிசம்பர் 8ஆம் தேதி கோத்தா பாருவில் இறங்கிய ஜப்பானியப் படை, தீபகற்பத்தைக் கடந்தது பெருமளவு சைக்கிளில்தான். இந்தப் படையெடுப்பைத் திட்டமிட்டவர்களில் ஒருவரான மசனோபு சுஜி, ஒரு டிவிஷனுக்கு ஏறத்தாழ 6,000 சைக்கிள்கள் இருந்ததாகப் பிறகு எழுதினார். மலாயா முழுக்க ஜப்பான் சைக்கிள் இருந்ததால் உதிரிப் பாகத்துக்கும் பஞ்சமில்லை. டயர் கிழிந்தால் வெறும் இரும்பு வளையத்திலேயே ஓட்டினார்கள். இரவில் அந்தச் சத்தம் டாங்கி வருவதுபோலக் கேட்டதாம். பெரிய சாலையில் பிரிட்டிஷ் படை தடுத்து நின்றால், அவர்கள் பக்கத்து ரப்பர் தோட்டச் சாலைகளுக்குள் புகுந்து பின்பக்கம் வந்தார்கள். எந்த ஊருக்கும் போகாத சாலைகள் என்று மேலே சொன்னேன் இல்லையா, அவற்றில் ஒரு படையே போனது. 1942 ஜனவரி 11இல் கோலாலம்பூர் விழுந்தது. துரைமார்கள் அதற்கு முன்பே சிங்கப்பூர் பக்கம் போய்விட்டார்கள்.

ஆனால் தொழிலாளி சைக்கிளில் ஏறி உட்கார்ந்துவிட்டானா? இல்லை. ஜப்பானியக் காவலாளி நிற்கும் இடத்தில் சைக்கிளை விட்டு இறங்கிக் குனிந்து வணங்க வேண்டும். மறந்தால் கன்னத்தில் அறை. தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் பேர் சயாம் மரண ரயில்பாதைக்கு ஏற்றப்பட்டார்கள், பெருந்தொகையானோர் திரும்பவில்லை. ஆள் மாறியது, இறங்குவது மாறவில்லை.

போருக்குப் பிறகு 1948இல் அவசரகாலம். கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போய்ச் சேரக்கூடாது என்று காட்டோர மக்களை முள்வேலிக்குள் குடியேற்றினார்கள். சுங்கை வே புதுக்கிராமம், இன்றைய ஸ்ரீ செத்தியா, அப்படி உருவானதுதான். தோட்டத் தொழிலாளர்களின் லயங்களையும் வேலிக்குள் கொண்டுவந்தார்கள். காலையில் வாசல் திறக்கும்போது சைக்கிளை நிறுத்தி, இறங்கச் சொல்லி, சோதிப்பார்கள். சைக்கிள் பம்புக்குள்கூட அரிசி ஒளித்துக் கொண்டுபோனார்கள் என்பதால் பம்பையும் கழற்றிப் பார்த்தார்கள். இன்று ஸ்ரீ செத்தியாவில் அந்த வேலி இருந்த இடத்தை யாராலும் காட்ட முடியாத அளவுக்குக் கடைகளும் வீடுகளும் நெருங்கிவிட்டன.

பிறகு தோட்டங்களே போயின. சுங்கை ரெங்கம் தோட்டம் ஷா ஆலம் ஆனது. சீபில்டு தோட்டம் சுபாங் ஜெயா ஆனது. எஃபிங்காம் தோட்டம் பண்டார் உத்தாமா ஆனது. 1972இல் சுங்கை வேயில் சுதந்திர வர்த்தக மண்டலம் வந்து மின்னணுத் தொழிற்சாலைகள் எழுந்தன. லயத்து வீட்டுப் பெண்கள் பாக்டரி பஸ்ஸில் வந்து சில்லு பொருத்தினார்கள். சைக்கிளுக்கு வேலை இல்லாமல் போனது. பெயரில் தோட்டத்தைச் சுமந்துகொண்டு சில தமிழ்ப்பள்ளிகள் மட்டும் நெடுஞ்சாலைகளுக்கு நடுவே நிற்கின்றன. சீபோர்ட் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு ‘தோட்டம்’ என்ற சொல் பள்ளிக்கூடத்தின் பெயர், அவ்வளவே.

மிச்சமிருக்கும் தோட்டங்களில் இப்போது செம்பனை. அதை இந்த நாட்டில் வணிகப் பயிராக முதலில் நட்டவர் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர், 1917இல், பத்தாங் பெர்ஜுந்தைக்குப் பக்கத்தில் தென்னமரம் தோட்டத்தில். நூறு ஆண்டுகளுக்குப் பிறகு அந்தப் பக்கம்தான் நாங்கள் கிரேவல் ஓட்டுகிறோம். குலை வெட்டுவதும் உதிரிப் பழம் பொறுக்குவதும் இன்று பெரும்பாலும் இந்தோனேசியர்களும் வங்காளதேசிகளும்.

போன வருடம் ஒரு ஞாயிறு, குறுகலான ஒரு செம்மண் சாலையில் ஆறு பேர் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தோம். எதிரில் ஒருவர் பழைய சைக்கிளில், ஹேண்டில் பாரில் தூக்குச்சட்டி மாட்டிக்கொண்டு வந்தார். முப்பது மீட்டர் தூரத்திலேயே இறங்கினார். சைக்கிளைப் புல்லுக்குள் இழுத்து நிறுத்தி, நாங்கள் கடந்து போகும்வரை நின்றார். யாரும் இறங்கச் சொல்லவில்லை. ஹெல்மெட்டும் கறுப்புக் கண்ணாடியும் ஒரே நிறச் சட்டையும் போட்ட ஆறு பேர், அவர் சம்பளத்தில் சில மாதங்கள் சேர்த்தாலும் வாங்க முடியாத சைக்கிள்களில் வந்தால், அது தோட்டத்தில் என்னவாகத் தெரியும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. எங்கள் குழுவில் நால்வர் தோட்டத் தொழிலாளிகளின் பேரப்பிள்ளைகள்.

அன்றைக்கு டீக்கடையில் இதைப் பற்றித்தான் பேச்சு. மரியாதைக்கு இறங்கியிருப்பார் என்று ஒரு நண்பர் சொன்னார். இருக்கலாம். 1941க்கு முன்பும் அதை மரியாதை என்றுதான் சொன்னார்கள். மரியாதை என்றால் இரண்டு பக்கமும் இறங்கியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு எங்களுக்குள் ஒரு வழக்கம் ஏற்பட்டிருக்கிறது. எதிரில் வேலைக்குப் போகிறவர் வந்தால் நாங்கள் வேகம் குறைத்து ஓரம் கட்டுவோம், சாலை மிகக் குறுகல் என்றால் நாங்கள் இறங்குவோம். பெரிய புரட்சி ஒன்றுமில்லை. வேலைக்குப் போகிறவருக்கு நேரம் முக்கியம், எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இருக்கிறது.

சைக்கிளும் உரிமையும் சேர்ந்த கதை என்றால் நம்மில் பலருக்கு 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தின் வழியாகப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்டது நினைவுக்கு வரும். அது நியாயமாகவே கொண்டாடப்படுகிறது. அதற்கு ஐம்பது ஆண்டுகள் முன்பு, நம் கையெட்டும் தூரத்தில், அதே வாகனத்தில் உட்கார்ந்திருக்கும் உரிமையைக் கேட்டு ஒரு வேலைநிறுத்தத்தின் கோரிக்கைப் பட்டியலில் எழுதியவர்களை நாம் கொண்டாடுவதில்லை. கிள்ளான் வேலைநிறுத்தத்தைக் கூலிப் போராட்டம் என்று மட்டும் சுருக்கினால் இந்த வரி விடுபட்டுப் போகும். கூலி உயர்வை முதலாளி கணக்கில் எழுதிக்கொள்வான், ரப்பர் விலை இறங்கினால் திரும்ப வெட்டுவான். சைக்கிள் மீது உட்கார்ந்தபடியே எதிரில் வருகிறவனைப் பார்ப்பதற்கு விலை போட முடியாது. அதனால்தான் அந்தச் சின்னக் கோரிக்கை நிர்வாகத்துக்கு அவ்வளவு பெரிய அத்துமீறலாகத் தெரிந்தது என்பது என் எண்ணம்.

அந்தச் சாலைகளில் இறங்கியவர்களைப் பார்த்தவர்கள் இன்னும் சிலர் நம் வீடுகளில் இருக்கிறார்கள், எண்பது தொண்ணூறு வயதில். அவர்களிடம் தோட்டத்து வாழ்க்கை எப்படி இருந்தது என்று பொதுவாகக் கேட்டால் கஷ்டம்தான் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். வீட்டில் சைக்கிள் இருந்ததா, யார் வாங்கியது, எந்தக் கம்பெனி, சாலையில் யாரைப் பார்த்தால் இறங்கினீர்கள் என்று கேட்டுப் பாருங்கள்.